மருதமரத்தின் பட்ட கிளை

நெட்டுவரைக் காட்டில் சேதி சுமக்கும் கூட்டம் இரண்டு இருந்தது. ஒன்று கருங்குரங்குகள். இன்னொன்று மைனாக்கள். இரண்டுக்கும் ஆகாது.

குரங்குகள் பழைய ஆட்கள். மலையுச்சியில் இருந்து அடிவாரம்வரை நெடுமரம் அத்தனையும் அவர்கள் கைவசம். ஆற்றுக்கு அந்தப்பக்கம் கீழ்க்கரையிலும் கொஞ்சம் மரங்கள் உண்டு. ஒரு மரத்தில் ஒருவன் கூவுவான். அடுத்த மரத்துக்காரன் அதை வாங்கிக் கூவுவான். சேதி சொல்லிவிடுகிற மிருகங்கள் பதிலுக்கு மரத்தடியில் பழம் கொண்டுவந்து வைக்கும்.

மைனாக்கள் பிறகு வந்தவை. மரமில்லாத இடத்துக்கும் பறக்கும். புல்வெளி, முட்காடு, ஆற்று நடுவே கிடக்கும் மணல்திட்டு எல்லாம் அவற்றின் பக்கம். காதருகே உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போகும். பழம் கேட்காது. மிருகங்கள் மேயும்போது புல்லில் இருந்து கிளம்புகிற வெட்டுக்கிளி போதும். அதனால் சின்ன மிருகமெல்லாம் மைனா பக்கம் போய்விட்டது. குரங்குகளுக்கு அந்தக் கடுப்பு.

இரண்டு கூட்டமும் சந்திக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். ஆற்றுத்துறையில் நின்ற பெரிய மருதமரம். மலைச்சேதி திட்டுக்குப் போக வேண்டுமானால் அங்கே ஒரு குரங்கு சொல்ல, ஒரு மைனா வாங்க வேண்டும். திட்டுச் சேதி மலைக்குப் போவதும் அப்படியே. வேறு வழி கிடையாது.

திட்டில் குடியிருந்தாள் துள்ளாயி. முயல். அந்த வருஷம் அவளுக்கு மூன்று குட்டிகள். இன்னும் ஓடத் தெரியாத குட்டிகள்.

ஆற்று நடுவில் எதற்குக் குடியிருக்கிறாய் என்று எல்லாரும் கேட்பார்கள். அவளுக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. கரையில் சிறுத்தை. மரத்தடியில் பாம்பு. திட்டில் நல்ல புல் இருந்தது, எதிரி இல்லை. ஒரே பயம் வெள்ளம்தான். காட்டாற்று வெள்ளம் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது. கீழே வெயில் காயும். மேலே மலையில் கொட்டித் தீர்க்கும். திடீரென்று தண்ணீர் சுவர் மாதிரி வந்து நிற்கும்.

மலையுச்சியில் ஒரு வரையாடு இருந்தாள். பெயர் கல்லாத்தி. மேலே மழை இறங்கினால் முதலில் அவளுக்குத்தான் தெரியும். அவள் குரங்குகள் பக்கம். தண்ணீர் வருகிறது, திட்டைக் காலி பண்ணுங்கள் என்று அவள் குரங்குகளிடம் சொல்லிவிட்டால், தண்ணீருக்கு முன்னால் சேதி வந்துவிடும். துள்ளாயி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கரையேற்றிவிடலாம்.

நினைத்தது அப்படி. நடந்தது வேறு.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். நல்ல வெயில். துள்ளாயி மேய்ந்துகொண்டிருந்தாள். காற்றில் புதுச்சேற்று வாசம் வந்தது. அவள் காதைத் தூக்கினாள். தூரத்தில் கற்கள் உருளுகிற சத்தம். சேதி ஒன்றும் வரவில்லை.

அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. முதல் குட்டியைக் கவ்விக்கொண்டு துறைக்கல் மேல் தாவிக் கரையில் போட்டாள். திரும்பி வந்து இரண்டாவதைக் கவ்வினாள். அதற்குள் தண்ணீர் வயிற்றைத் தொட்டது. மறுபடி திரும்பும்போது துறைக்கல்லைக் காணோம். திட்டையும் காணோம். பழுப்புத் தண்ணீர்தான் ஓடியது.

மூன்றாவது குட்டி போயிற்று.

துள்ளாயி கரையோரமாக ஓடினாள். எங்கே ஓடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆறு திரும்புகிற இடத்தில் ஒரு இண்டம்புதர் தண்ணீரில் தலைநீட்டிக்கொண்டிருந்தது. அதில் அடித்துவந்த சருகுக்குவியல் சிக்கியிருந்தது. குவியலின் மேல், முட்டி மோதி நனைந்து, குட்டி உட்கார்ந்திருந்தது. உயிரோடு.

முள் கிழித்தது. துள்ளாயிக்கு அது உறைக்கவே இல்லை. குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து மற்ற இரண்டோடு சேர்த்துப் போட்டாள். மூன்றையும் மாறி மாறி முகர்ந்தாள். அப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

அப்போது ஒரு மைனா பறந்து வந்து உட்கார்ந்தது.

"அக்கா, தண்ணி வருதாம். திட்டைக் காலி பண்ணச் சொன்னாங்க."

துள்ளாயி அதை ஏற இறங்கப் பார்த்தாள். காதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வந்துட்டுப் போயாச்சு."

மைனா ஆற்றைப் பார்த்தது. "அய்யய்யோ" என்றது.

"கல்லாத்தி எப்போ சொல்லிவிட்டாளாம்?"

"காலையில. வெயில் ஏறுறதுக்கு முன்ன."

"காலையில சொன்னது இப்போ வருதா? பறந்து வந்தீங்களா, நடந்து வந்தீங்களா?"

"மருதமரத்துல நின்னுடுச்சு அக்கா. என்னைக் கேட்டா நான் என்ன செய்ய? எங்க மஞ்சக்கண்ணிகிட்ட கேளுங்க."

மஞ்சக்கண்ணிதான் மைனாக்களுக்குத் தலைவி. ஒரு காட்டெருமை முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். துள்ளாயியைப் பார்த்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"கேள்விப்பட்டேன். பிள்ளைங்க பிழைச்சுதே, அது போதும். ஆனா என்மேல கோவிச்சுக்காதே அக்கா. அந்த மருதமரத்துல நெடுவாலன் எனக்கு என்ன விட்டிருக்கான் தெரியுமா? பின்பக்கம் ஒரு பட்ட கிளை. ஒரு நேரத்துக்கு ஒரு மைனாதான் உட்காரலாம். சேதி சொல்ல ஒரே ஒரு குரங்கு. அவன் பேரு கொட்டாவி. பேருக்கு ஏத்த ஆளு. ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள மூணு தடவை தூங்கி எழுந்திருப்பான். என் பிள்ளைங்க வரிசைகட்டி நிக்குது."

"நீ போய்க் கேட்டியா?"

"கேட்டேன். மரம் தாங்காதுன்னான். மரம் தாங்காதாம். அவன் கூட்டம் முப்பது பேர் அதுல ஊஞ்சல் ஆடுறான். சரி போடான்னு நானும் விட்டுட்டேன். அவன் சேதி எங்க கைக்கு வந்தா நாங்களும் குளிச்சு, றெக்கை உலர்த்தி, அப்புறம்தான் கொண்டுபோறோம். அவனுக்கும் வலிக்கட்டும்."

"அவனுக்கா வலிச்சுது?"

மஞ்சக்கண்ணி எருமையின் காதைக் கொத்துவது போல் பாவனை பண்ணினாள்.

துள்ளாயி நேரே மருதமரத்துக்குப் போனாள். குரங்குத் தலைவன் நெடுவாலன் அகலமான முன்கிளையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யாரு, திட்டுக்காரியா? பிள்ளைங்க சொகமா?"

"சொகம். உங்க தயவுல இல்ல."

"ஏம்மா, நான் என்ன பண்ணேன்? கிளை குடுத்திருக்கேன். ஆள் குடுத்திருக்கேன். உங்க மைனாவுக்குச் சேதி வாங்கத் தெரியல. பாதி காதுல விழுது, பாதி காத்துல போகுது. நேத்து முளைச்ச கூட்டத்தை நம்பிப் போனா இப்படித்தான்."

"கல்லாத்தி காலையில சொன்னது."

"சொல்லியிருப்பா. எங்க ஆளுங்க மரத்துக்குக் கொண்டுவந்தாச்சு. எங்க வேலை அதோட சரி." நெடுவாலன் குரலைத் தாழ்த்தினான். "உனக்கு நல்லதா ஒண்ணு சொல்றேன் கேளு. மைனாவை விட்டுத் தொலை. இந்த மரத்தடிக்கே குடி வந்துரு. சேதி உடனுக்குடனே காதுல விழும்."

"இந்த மரத்துப் பொந்துல மலைப்பாம்பு இருக்கு."

"அது பாட்டுக்கு இருக்கும். மாசத்துல ஒருதடவைதான் சாப்பிடும்."

"அந்த ஒருதடவை நானா இருந்தா?"

நெடுவாலன் சிரித்தான். துள்ளாயி சிரிக்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்கிளைகளில் குரங்குகள் தங்கள் சேதியைக் கீழ்க்கரைக்குக் கடத்திக்கொண்டிருந்தன. ஒருவன் வாயை மூடுவதற்குள் அடுத்தவன் வாயைத் திறந்தான். "கீழ்க்கரைச் சித்தப்பனுக்குச் சொல்லு, இலந்தை பழுத்தாச்சு." சொன்னது ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது. பின்பக்கம் பட்ட கிளையில் கொட்டாவி தலையைத் தொங்கப் போட்டிருந்தான். அவனுக்கு எதிரே ஒரு மைனா. அதற்குப் பின்னால் தரையில் ஒரு மைனா வரிசை.

ஆக, மரம் தாங்காமல் இல்லை. துள்ளாயிக்கு விஷயம் விளங்கியது.

அந்தக் காட்டில் இரண்டு பக்கமும் சேராதவள் ஒருத்தி உண்டு. யானைக்கூட்டத்துத் தலைவி, பாறையம்மா. யானைகள் ஒருவருக்கொருவர் அடித்தொண்டையில் உறுமிக்கொள்வார்கள். அது மண்ணுக்குள் ஓடும். தூரத்தில் இருப்பவர்கள் காலால் கேட்டுக்கொள்வார்கள். குரங்கும் வேண்டாம், மைனாவும் வேண்டாம். யார் பழமும் அவளுக்குத் தேவையில்லை. யார் மரத்தையும் அவளால் சாய்க்க முடியும். அதனால் இரண்டு கூட்டமும் அவளுக்குப் பயந்தது.

துள்ளாயி போனபோது பாறையம்மா மூங்கிலை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, ஒரு வழக்கு."

"சுருக்கமா சொல்லு."

துள்ளாயி சுருக்கமாகச் சொன்னாள்.

"இதுல நான் எதுக்கு?"

"நீங்க ரெண்டு பேர்கிட்டயும் சேதி வாங்கறதில்ல."

"அதனால?"

"அதனாலதான் ஆத்தா."

பாறையம்மா மூங்கிலை மென்று முடித்தாள். குட்டிகள் எத்தனை என்று கேட்டாள். மூன்று என்றாள் துள்ளாயி. மூன்றும் இருக்கிறதா என்றாள். இருக்கிறது, ஆனால் அடுத்த தடவை புதர் இருக்குமோ என்னவோ என்றாள் துள்ளாயி.

மறுநாள் பாறையம்மா மருதமரத்துக்கு வந்தாள். இரண்டு தலைவர்களையும் கூப்பிட்டாள்.

"ஒருத்தர் சேதியை ஒருத்தர் வாங்கணும், குடுக்கணும். நிறுத்தி வைக்கக் கூடாது. இன்னும் கிளை வேணுமாம், குடு. அவ்வளவுதான்."

"ஆகட்டும் ஆத்தா" என்றான் நெடுவாலன். ரொம்பப் பணிவு.

"சரி ஆத்தா" என்றாள் மஞ்சக்கண்ணி.

பாறையம்மா போய்விட்டாள். வெள்ளம் வடிந்து திட்டு வெளியே தெரிந்ததும் துள்ளாயியும் குட்டிகளோடு அங்கே திரும்பினாள். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். அந்த நிம்மதி நிலைக்கவில்லை.

அடுத்த சில நாளில் மலையில் ஒரு தூறல். கல்லாத்தி வழக்கம்போலக் காலையிலேயே சொல்லிவிட்டாள். துள்ளாயி காதுக்கு அது மறுநாள் காலையில் வந்து சேர்ந்தது. தூறல் என்பதால் ஆறு கலங்கவில்லை. கொட்டியிருந்தால்?

துள்ளாயி மருதமரத்துக்கு ஓடினாள். நெடுவாலன் சொன்னபடியே செய்திருந்தான். இரண்டு கிளை புதிதாகக் கொடுத்திருந்தான். ஒன்று மரத்தின் நுனியில். அதற்கு மேலே பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. எந்த மைனா அங்கே போய் உட்காரும்? இன்னொரு கிளையில் முசுறுக்கூடு. உட்கார்ந்த மைனாவெல்லாம் எறும்புக்கடி தாங்காமல் குதித்தது. கடைசியில் பழைய பட்ட கிளையும் கொட்டாவியும்தான் கதி.

"நிறுத்தி வைக்கக் கூடாதுன்னாங்களே" என்று கேட்டாள் துள்ளாயி.

"நிறுத்தலையே" என்றான் நெடுவாலன். "எங்க சேதியெல்லாம் முடிஞ்சதும் மைனாச் சேதியைக் குடுத்துடறோம். எங்க சேதி முடியத்தான் கொஞ்சம் நேரமாகுது. ஜனம் ஜாஸ்தி."

துள்ளாயி பாறையம்மாவிடம் போனாள். இந்தத் தடவை சுருக்கமாகச் சொல்லப் பொறுமை இல்லை.

"நீங்க சொன்னீங்க. அவன் தலையாட்டினான். ஒண்ணும் மாறல."

"சொன்னதைச் செய்யலையா?"

"செஞ்சான் ஆத்தா. சொன்னதை மட்டும் செஞ்சான்."

பாறையம்மா காதை ஒரு தடவை வீசினாள். உடனே கிளம்பினாள்.

மரத்தடிக்கு வந்து நின்றவள் வாயைத் திறக்கவே இல்லை. காலை முழுவதும் நின்று பார்த்தாள். முன்கிளையில் என்ன போகிறது, பின்கிளையில் என்ன நிற்கிறது என்று பார்த்தாள். குரங்குகளுக்கு உள்ளூர நடுக்கம். அவள் நின்றால் வெயிலே தெரியாது, அப்படி ஒரு உருவம்.

கடைசியில் நெடுவாலன் தாங்க மாட்டாமல் இறங்கி வந்தான்.

"ஆத்தா, எத்தனை கிளைன்னு நீங்க சொல்லல. அதான் குழப்பம். சொல்லிடுங்க, குடுத்துடறேன்."

"நாலு வேணும்" என்றாள் மஞ்சக்கண்ணி.

"நாலா? உன் கூட்டத்துக்கு ஒண்ணே ஜாஸ்தி."

"போன வாரம் மட்டும் எவ்வளவு சேதி தெரியுமா?"

"பாதி வெட்டிச் சேதி. அணில் மாமியாரை விசாரிச்சுது, கௌதாரி கொழுந்தியாளை விசாரிச்சுது. அதுக்கெல்லாம் கிளை வேணுமா?"

"எங்க சேதியை நீ எதுக்குடா ஒட்டுக்கேக்கறே?"

"கொட்டாவி வாயில வர்றது என் காதுல விழுது."

"விழுந்ததும் அந்தக் கௌதாரியைப் பார்த்து, 'மைனாவை விட்டுட்டு எங்ககிட்ட வந்துரு'ன்னு சொன்னது யாரு? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"நீ மட்டும் யோக்கியமா? எங்க ஆளுங்க குடுத்த சேதியை வாங்கி வெச்சுக்கிட்டு உன் ஆளுங்க குளிக்கப் போறாங்க."

"போதும்" என்றாள் பாறையம்மா.

இரண்டு பேரும் அடங்கினார்கள்.

"எத்தனை கிளை வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் குரங்கா? இன்னிக்கு நாலுன்னு சொல்வேன். நாலுலயும் முசுறை ஏத்துவே. முசுறு கூடாதும்பேன். முள்ளைச் சுத்துவே. உனக்கு வேலை அது. எனக்கு மூங்கில் திங்கற வேலை இருக்கு."

அவள் ஆற்றைப் பார்த்தாள். துறையில் அவளுடைய கூட்டம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பெரியதும் சிறியதும் ஒரே வரிசையாக நின்றன.

"எங்க கூட்டத்துல குடிக்கறதுக்கு ஒரே துறை. நானும் அங்கதான். போன மாசம் பிறந்ததும் அங்கதான். எனக்குன்னு தனியா ஒரு துறை இருந்தா குட்டிங்க துறை சேறானா எனக்கென்ன, மணல் தூர்ந்தா எனக்கென்ன? நானும் அதே தண்ணிதான் குடிக்கணும். அதனால கால் அலம்பறவனை ரெண்டு போடு போடுவேன்."

நெடுவாலனுக்கு எங்கே போகிறது இந்தப் பேச்சு என்று புரியவில்லை. அவனுக்குப் புரியும்படி பாறையம்மா சொன்னாள்.

"இன்னியிலேர்ந்து இந்த மரத்தைத் தாண்டுற குரங்குச் சேதியும் அந்தப் பட்ட கிளை வழியாத்தான் தாண்டணும். வர்றதும் அப்படித்தான். அதே கொட்டாவிதான் சொல்லணும். எது முதல்ல வந்ததோ அது முதல்ல. உன் சித்தப்பன் சேதியா இருந்தாலும் சரி, நீயே அனுப்பினதா இருந்தாலும் சரி."

நெடுவாலன் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. மஞ்சக்கண்ணி கிளுக்கென்று சிரித்தாள்.

"நீ சிரிக்காதே. உனக்கும் அதேதான். உன் சேதிக்கு எந்த றெக்கையோ அவன் சேதிக்கும் அந்த றெக்கை. வாங்கின வரிசையில கொண்டுபோகணும். குளியல் எல்லாம் அப்புறம். ரெண்டு பேருக்கும் இன்னொண்ணு. அடுத்தவன்கிட்டேர்ந்து வந்த சேதியை வெச்சு அவன் ஆளை இழுக்கற வேலை கூடாது."

"மீறினா?" என்று மெதுவாகக் கேட்டான் நெடுவாலன்.

பாறையம்மா நெற்றியை மருதமரத்தில் வைத்து லேசாக ஒரு அழுத்து அழுத்தினாள். மரம் அடியில் இருந்து முனகியது. இலை உதிர்ந்தது. கொட்டாவி கூட விழித்துக்கொண்டான். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் துள்ளாயிக்கு இது பிடிக்கவில்லை. அவள் பாறையம்மாவின் பின்னாலேயே ஓடினாள்.

"ஆத்தா, என்ன இப்படிப் பண்ணிட்டீங்க? எங்களுக்கு இருந்ததே ஒரு கிளை. அதுலயும் அவ்வளவு குரங்குச் சேதியையும் ஏத்திட்டீங்களே. இனிமே எனக்கு எப்போ வந்து சேரும்? மழை கொட்டினா நான் என்ன பண்ணுவேன்?"

"பொறு."

"தண்ணி பொறுக்காது ஆத்தா."

"நெடுவாலனும் பொறுக்க மாட்டான். போ."

அன்றும் மறுநாளும் துள்ளாயி பயத்திலேயே இருந்தாள். வானத்தைப் பார்ப்பாள், ஆற்றை முகர்வாள், குட்டிகளைத் துறைக்கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பாள். பட்ட கிளைக்கு முன்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. இப்போது வரிசையில் மைனா மட்டும் இல்லை. குரங்கும் நின்றது. காட்டில் இதுவரை யாரும் பார்க்காத காட்சி.

அப்புறம் அது நடந்தது. கீழ்க்கரையில் ஒரு பெரிய அத்திமரம் பழுத்தது. நெடுவாலன் அன்றைக்கு மலைப்பக்கம் போயிருந்தான். சித்தப்பன் உடனே அவனுக்குச் சேதி விட்டார். "சீக்கிரம் வா, மரமே சிவந்து கிடக்கு." சேதி மருதமரத்துக்கு வந்து வரிசையில் நின்றது. அதற்கு முன்னால் அணில் மாமியாரை விசாரித்த சேதி. அதற்கு முன்னால் கௌதாரிச் சேதி. கொட்டாவி ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொன்னான். நடுவில் ஒரு தூக்கமும் போட்டான். சேதி நெடுவாலன் காதுக்கு வந்து, அவன் அடித்துப்பிடித்துக் கீழ்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அத்திமரத்தடியில் காட்டுப்பன்றிகள் படுத்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தன. மேலே காம்புதான் மிச்சம்.

"எப்போ சொன்னீங்க சித்தப்பா?" என்று கத்தினான் நெடுவாலன்.

"காலையிலயே சொல்லிட்டேன்பா" என்றார் சித்தப்பன்.

நெடுவாலன் மருதமரத்துக்குப் பாய்ந்து வந்தான்.

"ஏண்டா கொட்டாவி, என் சேதின்னு தெரியுமில்ல?"

"தெரியும் தலைவரே. வரிசைங்க."

"இந்தப் பட்ட கிளையில நின்னா விடியுமா? யாருடா இதை வெச்சது?"

"நீங்கதான் தலைவரே."



மறுநாள் துள்ளாயி வந்து பார்த்தபோது அவளால் நம்பவே முடியவில்லை. நெடுவாலன் தன் கையாலேயே முசுறுக்கூட்டைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தான். எறும்பு கடித்து மூஞ்சி வீங்கியிருந்தது. அகலமான முன்கிளை, அதற்குப் பக்கத்துக் கிளை, இன்னும் நல்லதாக இரண்டு, எல்லாம் திறந்தாயிற்று. ஒவ்வொன்றிலும் சுறுசுறுப்பான ஒரு குரங்கு. ஒரு குரங்கு சொன்னது ஒரு மைனா கையில், ஒரு மைனா சொன்னது ஒரு குரங்கு கையில் என்று சேதி ஓடியது. வரிசை கரைந்துவிட்டது.

மஞ்சக்கண்ணியும் வந்திருந்தாள். அவள் கூட்டத்தில் ஒருத்தி சேதியை வாங்கிக்கொண்டு குளத்துப் பக்கம் திரும்பினாள். "குளியல் அப்புறம்டி" என்று துரத்தினாள் மஞ்சக்கண்ணி.

"கிளையெல்லாம் நானே யோசிச்சு வெச்சது" என்றான் நெடுவாலன், வீங்கிய வாயோடு. "காடு நல்லா இருக்கணுமில்ல?"

"நல்லா இருக்கட்டும்" என்றாள் துள்ளாயி. அவளுக்கு அவனிடம் சண்டை போட நேரமில்லை. கொட்டாவியை மட்டும் தேடினாள். அவனுக்கு வேலை போய்விட்டது. பட்ட கிளையில் மல்லாந்து படுத்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். அவனுக்கும் நிம்மதிதான்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம். நல்ல வெயில். ஆற்றில் கணுக்கால் நனையத்தான் தண்ணீர். ஒரு மைனா வந்து துள்ளாயி காதருகே உட்கார்ந்தது.

"அக்கா, கல்லாத்தி சொல்றா. மேல கொட்டுது. திட்டைக் காலி பண்ணு."

"எப்போ சொன்னா?"

"இப்பத்தான். சொன்ன வாய் இன்னும் மூடியிருக்காது."

துள்ளாயி முகர்ந்து பார்த்தாள். சேற்று வாசம் இல்லை. காதைத் தூக்கினாள். கல் உருளும் சத்தம் இல்லை. ஆனாலும் முதல் குட்டியைக் கவ்வினாள். கரையேற்றினாள். இரண்டாவது. மூன்றாவது. துறைக்கல் காய்ந்துதான் கிடந்தது. அவள் மேட்டுக்கு ஏறி ஒரு பாறை இடுக்கில் மூன்றையும் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஆறு சும்மா இருந்தது. ஒரு நாரை ஒற்றைக்காலில் நின்றது. வெயில் சுட்டது. துள்ளாயிக்குச் சந்தேகம் வந்தது. பொய்ச்சேதியோ? நல்ல புல்லை விட்டுவிட்டு இப்படி மேட்டில் உட்கார்ந்திருக்கிறோமே, பார்த்தவர்கள் சிரிப்பார்களே என்று வெட்கமாக இருந்தது. கரையேறி உட்கார்ந்து தண்ணீருக்குக் காத்திருக்கிற வேதனை இதுவரை அவளுக்குத் தெரியாது. இதற்கு முன்னால் அவளுக்குக் காத்திருக்க நேரம் கிடைத்ததே இல்லை.

நாரை திடுக்கென்று எழும்பிப் பறந்தது.

அப்புறம் வந்தது தண்ணீர். போன தடவையைவிடப் பெரியது. வேரோடு ஒரு மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. துறைக்கல் போயிற்று, திட்டு போயிற்று, அந்த இண்டம்புதரும் போயிற்று. நுரை மேட்டின் பாதிவரை ஏறி வந்து நின்றது.

துள்ளாயி எழுந்திருக்கவில்லை. குட்டிகள் அவள் வயிற்றில் முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட ஈரமில்லை. ஒன்றுக்குக்கூடப் பயம் தெரியவில்லை. மூன்றையும் ஒருதடவை முகர்ந்தாள். அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ வந்தது.

"கல்லாத்திக்குப் பதில் ஏதாவது சொல்லணுமா அக்கா?" என்று கேட்டது மைனா.

"மூணும் இருக்குன்னு சொல்லு."

மைனா பறந்தது. மருதமரத்தில் ஒரு குரங்கு அதை வாங்கிக் கூவியது. கூவல் மரம் மரமாக மலையேறியது. வழியில் அது நெடுவாலன் காதிலும் விழுந்தது. அவன் வேறு மரத்தில் பழம் தின்றுகொண்டிருந்தான். மெல்லுவதை நிறுத்திவிட்டு, "மூணுமா? நல்லது" என்றான். யாரும் கேட்காமலேயே சொன்னான்.

அன்று சாயங்காலம் பாறையம்மா கூட்டத்தோடு மேட்டுப்பக்கம் வந்தாள். நெடுவாலன் மரத்திலிருந்து இறங்கி வந்து கும்பிட்டான்.

"ஆத்தா, இப்போ எல்லாம் ஒழுங்கா ஓடுது. கிளையும் நாலு ஆச்சு. இனிமே எங்க சேதிக்குன்னு தனியா ஒரு கிளை வெச்சுக்கலாமா? சும்மா ஒரு வசதிக்கு."

பாறையம்மா பாறை இடுக்கை எட்டிப் பார்த்தாள். உள்ளே துள்ளாயியும் குட்டிகளும் ஒரே உருண்டையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் சத்தமில்லாமல் காலை எடுத்து வைத்து, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

பாதையைக் கையில் வைத்திருப்பவன் தானும் அதே பாதையில், அதே வரிசையில் நின்றால்தான் அந்தப் பாதை எல்லாருக்கும் திறந்திருக்கும்.